வலிப்பு மாத்திரையும் எலும்பும் - தாமதமாக வந்த ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

ஒரு மருந்து நோயைக் கட்டுப்படுத்துகிறதா என்பது சில நாட்களிலோ சில வாரங்களிலோ தெரிந்து விடும். அதே மருந்து உடலுக்கு வேறு என்ன செய்கிறது என்பது தெரிய எவ்வளவு காலம் ஆகும்? வலிப்பு நோய் மருந்துகளின் விஷயத்தில் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1912 முதல் லட்சக்கணக்கான மக்கள் தினமும் விழுங்கி வந்த மாத்திரைகள் எலும்பைப் பலவீனமாக்கக் கூடும் என்று மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது 1960களின் இறுதியில்தான். உணர்ந்த பின்பும் அது அன்றாட மருத்துவத்தில் இடம் பிடிக்க இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. ஏன் இந்தத் தாமதம் என்பதைப் புரிந்து கொள்ள, முதலில் அந்த மாத்திரைகள் எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும்.

புரோமைடு முதல் லூமினால் வரை

காக்காய் வலிப்பு என்று நம் ஊரில் சொல்லப்படும் இந்த நோய்க்கு 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உருப்படியான மருந்து எதுவும் கிடையாது. 1857 ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஒரு மருத்துவக் கூட்டத்தில், விக்டோரியா மகாராணியின் பிரசவ மருத்துவரான சர் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு கொடுத்ததில் மாதவிலக்குக் காலத்தில் வலிப்பு வரும் பெண்கள் பலருக்கு வலிப்பு நின்று விட்டதாகக் கூறினார். வலிப்புக்கு உண்மையிலேயே வேலை செய்த முதல் மருந்து இதுதான் எனலாம். ஆனால் புரோமைடு சாப்பிட்டவர்கள் மந்தமானார்கள். தோலில் கொப்புளங்கள் வந்தன. நாளாக ஆக மனக்குழப்பமும் ஏற்பட்டது.

அடுத்த பெரிய மாற்றம் ஜெர்மனியில் நடந்தது. ஃப்ரைபுர்க் நகரில் பணிபுரிந்த ஆல்ஃபிரட் ஹாப்ட்மான் என்ற இளம் மருத்துவர், மனநோயாளிகளும் வலிப்பு நோயாளிகளும் தங்கியிருந்த விடுதியைக் கவனித்து வந்தார். இரவில் நோயாளிகள் அமைதியாகத் தூங்குவதற்காக, அப்போது பேயர் நிறுவனம் லூமினால் என்ற பெயரில் புதிதாக விற்பனைக்குக் கொண்டு வந்திருந்த பினோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தார். தூக்கம் வந்ததோடு வலிப்புகளும் குறைந்தன. 1912 ஆம் ஆண்டு இதை அவர் வெளியிட்டார். முதல் உலகப் போரின் காரணமாக ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு இச்செய்தி சில ஆண்டுகள் கழித்தே சென்று சேர்ந்தது. யூதரான ஹாப்ட்மான் 1938 ஆம் ஆண்டு நாஜிகளால் டாஹாவ் முகாமில் அடைக்கப்பட்டு, பின்னர் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றார் என்பது வரலாற்றின் சோகமான ஒரு பக்கம். அவர் கண்டறிந்த மருந்து இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் கார்டினால் என்ற பெயரில் பலரும் அறிந்தது இதுவே.

மூன்றாவது மருந்து பினைட்டாயின். 1908 ஆம் ஆண்டு ஹைன்ரிச் பில்ட்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதைத் தயாரித்திருந்தார். ஆனால் அதற்கு ஒரு பயனும் தெரியாமல் முப்பது ஆண்டுகள் கிடந்தது. பாஸ்டன் நகர மருத்துவமனையில் ட்ரேசி புட்னம், ஹூஸ்டன் மெரிட் ஆகிய இருவரும் பூனைகளுக்கு மின்சாரம் பாய்ச்சி வலிப்பை உண்டாக்கி, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அந்தச் சோதனையில் தேறியது பினைட்டாயின். 1938 ஆம் ஆண்டு மனிதர்களிடம் கிடைத்த முடிவுகளை வெளியிட்டார்கள். தூக்கம் வராமலேயே வலிப்பைத் தடுக்க முடியும் என்பது அப்போது பெரிய அதிசயமாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முதல் ஆய்வுகளில் நோயாளிகள் கவனிக்கப்பட்டது மாதக் கணக்கில்தான். ஆனால் மருந்தைச் சாப்பிடப் போவதோ ஆண்டுக் கணக்கில், பலர் ஆயுள் முழுவதும். இந்த இடைவெளியில்தான் பிரச்சினை ஒளிந்திருந்தது.

ஈறு தெரிந்தது, எலும்பு தெரியவில்லை

பினைட்டாயின் சாப்பிடுபவர்கள் சிலருக்கு ஈறு வீங்கி வளர்ந்து பல்லை மூடும். இது 1939 ஆம் ஆண்டிலேயே, அதாவது மருந்து வந்த மறு ஆண்டே, மருத்துவ இதழில் பதிவாகி விட்டது. அதே மருந்து எலும்பில் செய்த மாற்றம் பதிவாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. வாயைத் திறந்தால் ஈறு தெரியும். எலும்பு தெரியாது. வேறுபாடு அவ்வளவுதான்.

எலும்பு கண்ணில் படாமல் போனதற்கு வேறு மூன்று காரணங்களும் உண்டு.

முதலாவது, வலிப்பு வந்தால் மனிதன் கீழே விழுகிறான். விழுந்தால் எலும்பு முறிகிறது. கடுமையான வலிப்பில் தசைகள் இறுகும் வேகத்திலேயே முதுகெலும்பு நசுங்குவதும் உண்டு. ஆகவே வலிப்பு நோயாளிக்குக் கை முறிந்தால் யாரும் வியப்படையவில்லை. "விழுந்தார், முறிந்தது" என்பதோடு விசாரணை முடிந்து விட்டது. அதே விழுகை இன்னொருவரின் எலும்பை முறித்திருக்குமா என்ற கேள்வி எழவில்லை.

இரண்டாவது, குழந்தைகளின் கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் ஒழிந்து விட்டதாக மேல்நாட்டு மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். 1919 ஆம் ஆண்டு லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு உணவின் மூலம் ரிக்கெட்ஸை வரவழைத்து, மீன் எண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். அதே ஆண்டு பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதா விளக்கொளியால் ரிக்கெட்ஸ் குழந்தைகளைக் குணப்படுத்தினார். 1922 ஆம் ஆண்டு எல்மர் மெக்காலம், மீன் எண்ணெயில் உள்ள அந்தச் சத்தைத் தனியாக இனம் கண்டார். அதற்கு வைட்டமின் டி என்று பெயர் வந்தது. பிறகு பாலிலும் உணவிலும் அது சேர்க்கப்பட்டதால் நோய் பெருமளவு மறைந்தது. மறைந்து போன நோயை யாரும் தேடுவதில்லை அல்லவா!

மூன்றாவது, அளப்பதற்குக் கருவி இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருப்பது தெரிய வேண்டுமானால் அதன் தாதுப்பொருளில் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். இரத்தத்தில் வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் எளிய முறை 1970க்கு முன் கிடையாது.

ஜெர்மனியும் லண்டனும்

முதல் எச்சரிக்கை ஜெர்மனியில் இருந்து வந்தது. 1967 ஆம் ஆண்டு ஷ்மிட் என்பவரும், 1968 ஆம் ஆண்டு குரூசே என்பவரும், நீண்ட காலம் வலிப்பு மருந்து சாப்பிட்ட குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் போன்ற எலும்பு மாற்றங்கள் இருப்பதாக எழுதினார்கள். இவை ஜெர்மன் மொழியில் வந்ததால் பிற நாடுகளில் உடனடியாகப் பெரிய கவனம் பெறவில்லை.

1970 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று லண்டன் யுனிவர்சிடி காலேஜ் மருத்துவமனையைச் சேர்ந்த சார்லஸ் டென்ட்டும் அவருடைய சகாக்களும் எழுதியது. டென்ட் எலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றின் வேதியியல் கோளாறுகளை ஆராய்வதில் அன்று புகழ் பெற்றவர். வலிப்பு மருந்தை நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு ஆஸ்டியோமலேசியா, அதாவது பெரியவர்களின் எலும்பு கடினத்தன்மை இழந்து மென்மையாகும் நோய், வந்திருப்பதை அவர் விவரித்தார். அதோடு நிற்காமல் காரணத்தையும் ஊகித்தார். இம்மருந்துகள் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி விடுகின்றன, அந்த நொதிகள் வைட்டமின் டியையும் சேர்த்து அழித்து விடுகின்றன என்பதே அவர் ஊகம்.

இன்னொரு கட்டுரை ஆலன் ரிச்சன்ஸும் ரோவும் எழுதியது. மருந்து சாப்பிட்டு வந்த 160 நோயாளிகளின் இரத்தத்தை அவர்கள் சோதித்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தத்தில் கால்சியம் குறைவாக இருந்தது. எலும்பு பாதிக்கப்படும்போது உயரும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் பலருக்கு உயர்ந்திருந்தது. ஒரே மருந்து சாப்பிட்டவர்களை விடப் பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கும், அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கும் பாதிப்பு கூடுதலாக இருந்தது. மருந்தின் அளவு கூடக் கூடப் பாதிப்பும் கூடுகிறது என்றால் மருந்துதான் காரணம் என்ற சந்தேகம் வலுப்படுகிறது.

ஆரம்ப கால ஆய்வுகளில் பல, வலிப்பு நோயாளிகள் தங்கியிருந்த இல்லங்களில் நடந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் பெத்தேல் 1867 ஆம் ஆண்டிலும், இங்கிலாந்தின் சால்ஃபோன்ட் 1894 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்ட அத்தகைய இல்லங்கள். ஊரிலும் வேலையிலும் இடம் கிடைக்காத நோயாளிகள் அங்கே பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். ஒரே இடத்தில், ஒரே உணவில், ஆண்டுக் கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களை ஆராய்வது மருத்துவர்களுக்கு எளிதாக இருந்தது. ஆனால் இதுவே பின்னால் ஒரு பெரிய விவாதத்துக்கும் காரணமாயிற்று.

கல்லீரலில் நடப்பது என்ன?

டென்ட்டின் ஊகத்தைச் சோதிக்கத் தேவையான அறிவு சரியாக அதே காலத்தில்தான் கிடைத்தது. சூரிய ஒளி பட்டுத் தோலில் உண்டாகும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்வதில்லை. முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்த பிறகே குடலில் இருந்து கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது. கல்லீரலில் உண்டாகும் வடிவத்தை 1968 ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹெக்டர் டெலூக்காவின் குழு கண்டறிந்தது. 1971 ஆம் ஆண்டு அதை இரத்தத்தில் அளக்கும் முறையை ஜான் ஹடாட் வெளியிட்டார்.

மறு ஆண்டே, அதாவது 1972 ஆம் ஆண்டு, செயின்ட் லூயிஸ் நகரில் தியோடர் ஹான், ஹடாட் முதலியோர் இம்முறையைக் கொண்டு வலிப்பு நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மருந்து சாப்பிடுபவர்களிடம் வைட்டமின் டி குறைவாகவே இருந்தது. டென்ட்டின் ஊகத்துக்கு ஆதாரம் கிடைத்து விட்டது.

இதன் போக்கை எளிமையாக இப்படிச் சொல்லலாம். பினோபார்பிட்டால், பினைட்டாயின், பிரிமிடோன், கார்பமசிபைன் ஆகிய மருந்துகள் உள்ளே வந்ததும் அவற்றைச் சிதைத்து வெளியேற்றக் கல்லீரல் கூடுதல் நொதிகளைச் செய்கிறது. அந்த நொதிகள் மருந்தை மட்டும் பார்த்துச் சிதைப்பதில்லை. வைட்டமின் டியும் அவற்றிடம் மாட்டிக் கொள்கிறது. வைட்டமின் டி குறைந்தால் குடலில் இருந்து கால்சியம் ஏறுவது குறையும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக் கொண்டு எலும்பில் இருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்தை ஈடு கட்டும். வரவு குறைந்த வீட்டில் சேமிப்பைக் கரைத்துச் செலவு செய்வது போலத்தான் இது. சேமிப்பு கரைவது வெளியே தெரியாது. ஒரு நாள் எலும்பு முறியும்போதுதான் தெரியும்.

எந்த நொதி குற்றவாளி என்ற கேள்வி மட்டும் நெடுநாள் நீடித்தது. மருந்துகள் வந்திருப்பதைச் செல்லுக்குள் உணரும் ஓர் ஏற்பி 1998 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. 2005 ஆம் ஆண்டு ஒரு குழு, இந்த ஏற்பியின் மூலம் ஒரு குறிப்பிட்ட நொதி தூண்டப்பட்டு வைட்டமின் டியை அழிக்கிறது என்றது. மறு ஆண்டே இன்னொரு குழு அதே இதழில் அதை மறுத்து வேறொரு நொதியைச் சுட்டிக் காட்டியது.

சந்தேகங்களும் பதில்களும்

1973 ஆம் ஆண்டு டென்மார்க்கில் கிளாஸ் கிறிஸ்டியன்சன் குழுவினர் ஒரு முக்கியமான சோதனை செய்தார்கள். இல்லங்களில் இருப்பவர்களை அல்லாமல், வீட்டில் இருந்து வந்து போகும் நோயாளிகளை எடுத்துக் கொண்டார்கள். முன்கை எலும்பின் தாதுப்பொருளை ஒரு புதிய கதிர்வீச்சுக் கருவியால் அளந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வைட்டமின் டி, இன்னொரு பிரிவினருக்கு வெறும் மாத்திரை. வைட்டமின் டி பெற்றவர்களின் எலும்பில் தாதுப்பொருள் கூடியது. பாதிப்பு உண்மை, அதைச் சரி செய்யவும் முடியும் என்ற இரண்டையும் ஒரே சோதனை காட்டியது.

ஆனாலும் எல்லோரும் ஒப்புக் கொள்ளவில்லை. இல்லங்களில் அடைந்து கிடப்பவர்களுக்கு வெயிலே படுவதில்லை, உணவும் போதாது, நடமாட்டமும் குறைவு, இவைதான் காரணம், மருந்து அல்ல என்றார்கள் சிலர். வெயில் மிகுந்த அமெரிக்கத் தென்பகுதியில் 1980களில் செய்யப்பட்ட ஆய்வும், வெயில் கிடைப்பவர்களிடம் இந்நோய் அரிது என்றது. உண்மை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. வெயிலும் உணவும் நன்றாக இருந்தால் உடல் மருந்தின் பாதிப்பைச் சமாளித்துக் கொள்கிறது. அவை குறைந்தால் மருந்து தன் வேலையைக் காட்டி விடுகிறது.

இன்னொரு புதிர் வால்ப்ரோயேட். 1960களில் பிரான்சில் வலிப்பு மருந்தாக வந்த இது கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதில்லை. ஆகவே எலும்புக்குப் பாதுகாப்பானது என்று நினைத்தார்கள். 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராஜ் ஷேத் குழுவினர் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், வால்ப்ரோயேட் சாப்பிட்ட குழந்தைகளின் எலும்பு அடர்த்திதான் குறைந்திருந்தது. நொதியைத் தூண்டும் கார்பமசிபைன் சாப்பிட்டவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. நொதிக் கதை மட்டுமே முழு விளக்கம் ஆகாது என்று இதிலிருந்து தெரிந்தது. மருந்துகள் எலும்புச் செல்களையே நேரடியாகப் பாதிக்கலாம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

கணக்கு பேசத் தொடங்கியது

1980களின் இறுதியில் டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திக் கருவி புழக்கத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் பெரிய எண்ணிக்கையில் மக்களை ஆராய முடிந்தது. 1995 ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 65 வயதைக் கடந்த 9,516 பெண்களைப் பின்தொடர்ந்து, இடுப்பெலும்பு முறிவுக்கான காரணங்களைப் பட்டியலிட்டது. அதில் வலிப்பு மருந்தும் இடம் பெற்றது. அதே பெண்கள் குழுவில் 2004 ஆம் ஆண்டு வெளியான கணக்கு இன்னும் தெளிவானது. மருந்து சாப்பிடாதவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி ஆண்டுக்கு 0.70 சதவீதம் குறைந்தது. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு 1.16 சதவீதம் குறைந்தது. ஓராண்டில் இது சிறிய வித்தியாசம். இருபது ஆண்டுகளில் அப்படியல்ல.

அதே 2004 ஆம் ஆண்டு டென்மார்க்கில் எலும்பு முறிந்த 1,24,655 பேரையும், முறியாத 3,73,962 பேரையும் ஒப்பிட்டார்கள். பினோபார்பிட்டால் சாப்பிட்டவர்களுக்கு முறிவு அபாயம் 79 சதவீதம் கூடுதலாக இருந்தது. கார்பமசிபைனுக்கு 18 சதவீதம், வால்ப்ரோயேட்டுக்கு 15 சதவீதம். எல்லா மருந்தும் ஒன்றல்ல என்பதை இந்த எண்கள் காட்டின.

பரம்பரைக் காரணமாக இருக்கலாமே என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பதில் தேடினார்கள். இரட்டையர்களிலும் உடன்பிறந்தோரிலும் ஒருவர் மருந்து சாப்பிடுபவராகவும் மற்றவர் சாப்பிடாதவராகவும் உள்ள ஜோடிகளைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டார்கள். 2005 ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மருந்து சாப்பிட்டவர்களிடமும் நாற்பது வயதைக் கடந்தவர்களிடமும் எலும்பு அடர்த்திக் குறைவு தெளிவாகக் காணப்பட்டது.

தெரிந்தும் செய்யாத காலம்

இந்த வரலாற்றில் மிகவும் வருத்தத்துக்குரிய பகுதி இதுதான். 2001 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வலிப்பு மருந்து சாப்பிடும் நோயாளிகளுக்கு எலும்புப் பரிசோதனை செய்கிறீர்களா என்று கேட்டார்கள். செய்வதாகச் சொன்னவர்கள் குழந்தை நரம்பியலாளர்களில் 41 சதவீதம், பெரியவர்களைப் பார்ப்பவர்களில் 28 சதவீதம். முன்னெச்சரிக்கையாகக் கால்சியமோ வைட்டமின் டியோ கொடுப்பவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை. டென்ட்டின் கட்டுரை வந்து அப்போது 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்குக் காரணம் அலட்சியம் மட்டும் அல்ல. நரம்பு மருத்துவர் வலிப்பைப் பார்க்கிறார். எலும்பு மருத்துவர் முறிந்த எலும்பைப் பார்க்கிறார். இருவருக்கும் நடுவில் உள்ள நோயாளியை முழுதாகப் பார்க்க யாரும் இல்லை. மேலும் வலிப்பு மருத்துவத்தில் வெற்றி என்பது "கடைசியாக எப்போது வலிப்பு வந்தது?" என்ற ஒரே கேள்வியால் அளக்கப்பட்டு வந்தது.

2009 ஆம் ஆண்டு பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இம்மருந்துகளை நீண்ட காலம் சாப்பிடுபவர்களில் அபாயம் உள்ளவர்களுக்கு வைட்டமின் டி கொடுப்பது பற்றி மருத்துவர்கள் பரிசீலிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. நடமாட முடியாதவர்கள், வெயில் படாதவர்கள், கால்சியம் குறைவாக உண்பவர்கள் இந்த அபாயப் பிரிவில் அடங்குவர்.

எவ்வளவு கொடுப்பது என்பதிலும் ஆய்வுகள் நடந்தன. 2006 ஆம் ஆண்டு வெளியான லெபனான் ஆய்வில், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் டி எலும்பு அடர்த்தியைக் கூட்டவில்லை, 4,000 யூனிட் கூட்டியது. குழந்தைகளுக்குக் குறைந்த அளவே கூடப் பலன் தந்தது. 2008 ஆம் ஆண்டு இளம் பெண்களிடம் செய்த ஆய்வில், பினைட்டாயின் சாப்பிட்டவர்களுக்கு ஒரே ஆண்டில் தொடை எலும்புக் கழுத்தில் 2.6 சதவீத அடர்த்தி குறைந்தது. லாமோட்ரிஜின் என்ற புதிய மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் அப்படிக் குறையவில்லை. ஆனால் புதிய மருந்துகள் விலை கூடியவை. உலகின் ஏழை நாடுகளில் இன்றும் பலருக்குக் கிடைப்பது பினோபார்பிட்டாலும் பினைட்டாயினும்தான்.

இதைப் படிக்கும் யாரும் வலிப்பு மாத்திரையை நிறுத்தி விடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பு மெலிவதைத் தடுக்க வழி உண்டு, நின்று போன மூச்சுக்கு வழி இல்லை. செய்ய வேண்டியது, பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுபவர் தன் மருத்துவரிடம் எலும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்பதுதான். முக்கியமாக மாதவிலக்கு நின்ற பெண்களும், வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களும், வளரும் குழந்தைகளின் பெற்றோரும் கேட்க வேண்டும்.

ஹாப்ட்மானின் மருந்து எத்தனையோ பேரை இல்லங்களின் சுவர்களுக்கு வெளியே கொண்டு வந்து, வேலையும் குடும்பமும் உள்ள மனிதர்களாக வாழ வைத்தது. அதை மறந்து விட்டு அதன் தீமையை மட்டும் பேசுவது நியாயம் ஆகாது. அதே போல, உயிரைக் காத்த மருந்து என்பதற்காக அதன் தீமையைத் தேடாமல் இருந்ததும் சரியல்ல. ஒரு மருந்தை ஆயுள் முழுவதும் சாப்பிடச் சொன்னால், அந்த ஆயுள் முழுவதும் அதைக் கண்காணிக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது.